இடது கை, வெள்ளிக்கிழமை

நரம்பு மின்பரிசோதனை அறை, மட்டக்களப்பு.
மின்விசிறியை நிறுத்தினேன்,
அதன் இரைச்சலும் திரையில் வந்து விழும்.
அழகரெத்தினம், ஐம்பத்தாறு, பாலமீன்மடு.
பெக்கோ ஓட்டுகிறவர்.
மாரியில் ஆறு முட்டினால்
முகத்துவாரத்து மணலை வெட்டிவிட
இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"தொண்ணூறில பட்டது" என்று
முழங்கைத் தழும்பைக் காட்டினார்,
கொண்டக்டருக்கு டிக்கட்டைக் காட்டுவதுபோல.
"ஒரு வருசம் இந்த விரலெல்லாம் செத்துக் கிடந்திச்சு.
மறுகா தன்பாட்டில வந்திச்சு.
இப்பதான், லீவரப் பிடிச்சா
பின்னேரத்தில கை சோருது."

டாக்டர் ஊசியை இறக்கினார்,
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில்
மேடாக இருக்க வேண்டிய பள்ளத்தில்.
"மெல்லமா விரலை விரியுங்க."

வேறு கைகளில் இந்த ஒலிபெருக்கி
சோளம் பொரிக்கும்.
இவர் கையில்
யாரோ கதவை முஷ்டியால் தட்டுகிறார்கள்,
அவசரமில்லாமல்,
ஒரே ஆள்.
திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப்போன அலையை
அளவு குறைத்து, இன்னும் குறைத்து
உள்ளே கொண்டுவந்தேன்.

நடந்தது இவ்வளவுதான்.
(பாதி நான் படித்தது. மீதி, இந்த நாற்காலியில் பதினெட்டு வருடம்.)
சன்னம் போன அன்று
முண்ணாணிலிருந்து இந்தக் கைக்கு வந்த இழைகளில்
பாதிக்கு மேல் அறுந்தன.
சில நாளில், கட்டளை வராத தசைநார்கள்
தாமாகவே துடிக்கத் தொடங்கின.
அப்போது ஊசி வைத்திருந்தால்
தகரக் கூரையில் தூறல் கேட்டிருக்கும்.
ஒரே இடத்தில் இருந்த காதை
உடம்பு முழுக்க முளைக்கவைத்துக்கொண்டு
காத்துக் கிடந்தன.

மிஞ்சிய நரம்புக்கலங்கள்
தம் வேலையை விடவில்லை.
வேலை செய்துகொண்டே பக்கவாட்டில் ஒரு கிளை விட்டன,
கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு.
தனித்துக் கிடந்த ஒரு நாரைத் தொட்டன.
மறுகா இன்னொன்று.
நூறு நாருக்குச் சொல்லிப் பழகிய கலம்
நானூறுக்குச் சொல்லக் கற்றது.
கூடுதலாகச் சமைத்தது,
சமைத்ததைக் கழுத்தடியிலிருந்து விரல்வரை
நாள்தோறும் சுமந்து அனுப்பியது.

புதுக் கிளைகளில் செய்தி சற்றுப் பிந்தும்.
அலையின் வாலில் பாருங்கள்
சின்னச் சின்னப் பல்.
மணி அடித்தபிறகு
படலையால் ஓடிவரும் பிள்ளைகள்.

எங்கள் கூப்பன் அட்டையில்
முதல் நான்கு பெயர் நீல மையில்.
ஐந்தும் ஆறும் கறுப்பில், வேறொரு கையெழுத்து.
ஐந்தாவது நான்.
சித்தி அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை.
உலையில் ஒரு சுண்டு கூடப் போட்டாள்,
தையல் மெஷினைப் பதினொரு மணிக்கும் நிறுத்தவில்லை.
ஐம்பது வயதில் அவள் முழங்கால் விட்டுப்போனது.
இதை நான் உவமையாகச் சொல்லவில்லை.
முழங்கால் முழங்கால்தான்.

"அப்ப ஏன் மகள் இப்ப சோருது?"

நாலு பேர் வேலையை ஒருவர்
முப்பத்தைந்து வருடம் பார்த்தால்,
சில கிளைகளைக் கைவிடத் தொடங்குவார்.
வேர் பட்டுப்போகாதிருக்க அதுவும் ஒரு வழியாக இருக்கலாம்,
நிச்சயமாகத் தெரியாது.
நான் சொன்னது:
"கைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க, ஐயா."

சிரித்தார். சட்டைப் பையில் போன் அடித்தது.
வவுணதீவுப் பக்கம் வயலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம்,
இரவைக்கு வெட்டலாமா என்று கேட்கிறார்கள்.
"இன்னும் ரெண்டு அங்குலம் பாப்பம்" என்றார்.
"முந்தி வெட்டினா றாலெல்லாம் கடலுக்குப் போயிரும்."

ஊசி போன இடத்தில் ஒரு துளி இரத்தம்.
பஞ்சை வாங்கித் தானே அழுத்திக்கொண்டார்.
நான் அறிக்கையில் தட்டினேன்:
பழைய காயம். நாட்பட்ட மீள்நரம்பூட்டம். இயக்கம் உண்டு.

அவர் இடது கையாலேயே சட்டையைப் பூட்டினார்.
மூன்றாவது பொத்தான் வழுக்கியது.
மறுபடி பிடித்தார்.
வழுக்கியது.
நான் விசிறியைப் போட எழும்பினேன்,
போடாமல் நின்றேன்,
அது துளைக்குள் போகும்வரை.